பரிசில், தகுதி, தள்ளுபடி: அமெரிக்கக் கல்லூரிகள் குறித்து ஒரு வாசிப்பு

1

பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற பாணன், வெறுங்கையோடு எதிரே வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி, 'இந்த வழியாப் போ, இன்னாரைப் பாரு, கை நிறையக் கொடுப்பான்' என்று சொல்லி அனுப்புவதற்கு நம் மரபில் ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைதான். அமெரிக்காவில் இன்று இந்த வகைமை வேறு வடிவில் செழித்துக் கிடக்கிறது. செலவு குறைந்த, அதே சமயம் தாராளமாக 'மெரிட் ஸ்காலர்ஷிப்' தருகிற கல்லூரிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிற கையேடுகள், பட்டியல்கள், அதற்கென்றே மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிற ஆலோசகர்கள் எனப் பெரியதொரு தொழில் அங்கே உருவாகியிருக்கிறது. இந்த நவீன ஆற்றுப்படைகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அவை எதைப் பேசுகின்றன, எதைப் பேசாமல் விடுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளையை அமெரிக்காவில் இளங்கலை படிக்க அனுப்ப நினைக்கிற சென்னை, கோவைக் குடும்பங்களும், அங்கேயே குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இவற்றை வரி விடாமல் படிக்கின்றன. எனவே இது யாருக்கோ ஆன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஸ்காலர்ஷிப்பிற்குத் தமிழில் மூன்று சொற்கள் புழங்கியிருக்கின்றன. பழைய அரசாங்கத் தமிழில் 'உபகாரச் சம்பளம்', இப்போது 'உதவித்தொகை', ஈழத்தில் 'புலமைப்பரிசில்'. முதலாவதில் உபகாரமும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது. இரண்டாவது இல்லாதவருக்கு இருப்பவர் தருவது. மூன்றாவது அறிவுக்குத் தரப்படும் மரியாதை. அமெரிக்கக் கல்லூரி அனுப்புகிற கடிதம் இந்த மூன்றாவது மொழியில்தான் பேசும்: 'உங்கள் மகளின் சிறந்த தகுதியைப் பாராட்டி ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் வழங்குகிறோம்.' பெத்தவங்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. நமது கேள்வி எளிமையானது. அந்த இருபதாயிரம் எங்கிருந்து வந்தது?

2

பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் அது எங்கிருந்தும் வரவில்லை என்பதுதான் பதில். யாரோ ஒரு புரவலர் விட்டுச்சென்ற அறக்கட்டளையிலிருந்து எடுத்துத் தருகிற பணமாக அது இருப்பது குறைவு. கல்லூரி அறிவிக்கிற கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரியே வாங்காமல் விடுகிறது. அவ்வளவுதான். நிர்வாகிகள் தங்களுக்குள் பேசும்போது இதற்கு வைத்திருக்கிற பெயர் 'கட்டணத் தள்ளுபடி'. கல்லூரி நிதி அலுவலர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் இதைக் கணக்கெடுக்கிறது. 2023-24-இல் இலாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகளில் முதலாண்டு முழுநேர மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி 56 சதவீதம். அதாவது நூறு ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிற பொருளைச் சராசரியாக நாற்பத்து நான்கு ரூபாய்க்கு விற்கிறார்கள். தேவையைப் பார்த்துத் தருவது, 'தகுதி'யைப் பார்த்துத் தருவது இரண்டும் இதில் அடக்கம்.

தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புடவைக் கடைக்காரர், 'உங்க ரசனையின் தகுதிக்காக இந்த ஐம்பது சதவீதம்' என்று சொல்வதில்லை. கடையில் எல்லோருக்கும் ஒரே தள்ளுபடி. கல்லூரியில் ஆளுக்கு ஒரு விலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன விலை கொடுத்தார் என்பது தெரியாது.

ஆளுக்கு ஒரு விலை வைப்பது தன்னளவில் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. இருப்பவரிடம் கூட வாங்கி இல்லாதவரிடம் குறைத்து வாங்கினால் அது ஒருவகை நியாயம்தான். நடப்பது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியல் விலை 50,000 டாலர். ஓர் ஏழை மாணவியால் 5,000தான் கட்ட முடியும். அவளைச் சேர்க்கக் கல்லூரி 45,000 விட்டுக்கொடுக்க வேண்டும், வரவு 5,000. அதே 45,000-ஐ மூன்றாகப் பிரித்து, வசதியான மூன்று குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 15,000 'மெரிட்' என்று கொடுத்தால், மூவரும் தலைக்கு 35,000 கட்டுவார்கள், வரவு 1,05,000. விட்டுக்கொடுத்த தொகை ஒன்றுதான். வரவு இருபத்தோரு மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுக்கவே தனி ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. 1970-களில் பாஸ்டன் கல்லூரியில் உருவான 'சேர்க்கை மேலாண்மை' என்கிற துறை இன்று அநேகமாக எல்லாத் தனியார் கல்லூரிகளையும், பல அரசுப் பல்கலைக்கழகங்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் தள்ளுபடி என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, 'தகுதி' எதற்கு? சில கல்லூரிகள் பட்டியல் விலையையே வெட்டிக் குறைத்து, உதவித்தொகையையும் அதற்கேற்பக் குறைத்துப் பார்த்தன. மாணவர் கையிலிருந்து கட்டுவது அப்படியேதான் இருந்தது. இருந்தும் பெரும்பாலான கல்லூரிகள் இந்த வழியில் போகவில்லை. காரணம், விலை குறைந்த கல்லூரி மட்டமான கல்லூரி என்கிற எண்ணம் ஒருபுறம். இருபதாயிரம் டாலர் பரிசு வாங்கிய பிள்ளை என்கிற பெருமை இல்லாமல் போவது மறுபுறம். கொடை தானாக விரும்பித் தரப்படுவதுபோல் தோன்றினாலும் அது கடப்பாடுகளின் வலை என்று மார்சல் மாஸ் 1925-இல் எழுதினார். பியர் பூர்தியூ அதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய், பரிமாற்றம் நடக்க வேண்டுமானால் அது பரிமாற்றம் என்பது இரு தரப்புக்கும் தெரியாததுபோல் இருந்தாக வேண்டும் என்றார். 'மெரிட்' என்கிற சொல் செய்கிற வேலை இதுதான். வியாபாரத்தை வியாபாரமாகப் பார்க்கவிடாமல் அது திரை போடுகிறது.

3

இந்தத் திரையை ஒருமுறை விலக்கிக் காட்டியது நீதிமன்றம். அதன் வரலாறு சுவையானது.

1950-களிலிருந்து அமெரிக்காவின் பெரிய தனியார் கல்லூரிகளுக்குள் ஒரு பொதுக்கருத்து இருந்தது: சேர்ப்பதற்குத் தகுதியைப் பார், பணம் கொடுப்பதற்குத் தேவையை மட்டும் பார். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் எம்.ஐ.டி.யும் 'ஓவர்லாப்' என்ற பெயரில் ஆண்டுதோறும் கூடி, தங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அனுமதி பெற்ற மாணவருக்கு எங்கு போனாலும் கிட்டத்தட்ட ஒரே செலவு ஆகும்படி பார்த்துக்கொண்டன. மத்திய நீதித்துறை 1991-இல் இதை விலை நிர்ணயச் சதி என்று வழக்குப் போட்டது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கிக்கொண்டன. எம்.ஐ.டி. மட்டும், 'நாங்க பண்றது தர்மம், வியாபாரம் இல்லை' என்று வாதாடி 1992-இல் தோற்றது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. ஆனாலும் நிதியுதவி என்பது வணிகத்தில் அடங்கும், தர்மம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. பின்னர் சமரசம் ஆயிற்று. 1994-இல் நாடாளுமன்றம், விண்ணப்பதாரரின் பணநிலையைப் பாராமல் சேர்க்கும் கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கொடுத்தது. அதுவும் 2022-இல் காலாவதியாயிற்று.

கவனிக்க வேண்டியது இது. தேவைக்கு ஏற்பப் பங்கிடுவோம் என்று கூடிப் பேசியது சட்டத்தின் கண்ணில் குற்றம். தகுதிக்கு என்று சொல்லி வசதியானவர்களைப் போட்டி போட்டு இழுப்பது ஆரோக்கியமான சந்தை. (இந்த உயர்குலக் கல்லூரிகளை நாம் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்த விதிவிலக்கின் கீழ் இயங்கிய 17 பல்கலைக்கழகங்கள், பணக்கார விண்ணப்பங்களுக்குச் சலுகை காட்டின என்று 2022-இல் மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவற்றில் பத்து, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2024-இன் தொடக்கத்துக்குள் மொத்தம் 28.4 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன.)

இன்றும் ஐவி லீக்கில் தகுதிக்கான உதவித்தொகை கிடையாது. பேருக்காகவே ஆட்கள் வருகிற இடத்தில் தள்ளுபடி எதற்கு? நடுவில் இருந்துகொண்டு இருக்கைகளை நிரப்பப் பாடுபடுகிற கல்லூரிகள்தான் தாராளமாகத் தருகின்றன. வழிகாட்டிகள் சொல்கிற முதல் சூத்திரமும் இதுவே: உன் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரியைவிட ஒரு படி கீழே இறங்கு, அங்கே நீ முதல் கால்வாசியில் இருப்பாய், பணம் வரும். ஆக, அதே மாணவி ஓரிடத்தில் தகுதியுள்ளவள், இன்னோரிடத்தில் இல்லாதவள். மாறியது அவள் இல்லை. அவள் தங்களிடம் வருவதால் கல்லூரிக்குக் கிடைக்கும் ஆதாயம்.

4

அரசாங்கங்களும் இந்த மொழியைக் கற்றுக்கொண்டன. ஜார்ஜியா மாநிலத்தின் 'ஹோப்' திட்டம் 1993-இல் தொடங்கியது. பள்ளியில் 'பி' சராசரி எடுத்தால் மாநில அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை. பணம் லாட்டரியிலிருந்து. முதலாண்டில் குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. அடுத்து அது ஒரு லட்சமாக ஏறியது. 1995-இல் வரம்பே போய்விட்டது. இன்னொரு பக்கம், ஏழை மாணவருக்கு மத்திய அரசு தருகிற பெல் மானியம் கிடைத்தால், தொடக்க ஆண்டுகளில் அந்தத் தொகையை ஹோப்பிலிருந்து கழித்துக்கொண்டார்கள். பணக்காரப் பிள்ளைக்கு முழுத் தொகை. ஏழைப் பிள்ளைக்குக் கழித்தது போக மிச்சம்.

விளைவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களில் வருமானம் குறைந்த, வெள்ளையர் அல்லாத குடும்பங்களின் பங்கு கூடுதல்; பயன் அதிகம் போய்ச் சேர்ந்தது படித்த, வசதியான வெள்ளையர் குடும்பங்களுக்கு. கல்லூரிக்குப் போகிற வெள்ளையர், கறுப்பர் இடையிலான இடைவெளி இத்திட்டத்தால் விரிந்தது என்று சூசன் டைனார்ஸ்கி 2000-இல் எழுதினார். எப்படியும் பிள்ளையைப் படிக்கவைத்திருக்கக்கூடிய குடும்பங்கள் மிச்சமான பணத்தில் கார் வாங்கின என்பதைப் பதிவு எண்களை வைத்தே வேறு இருவர் காட்டினார்கள். 1997-இல் புளோரிடாவும் லாட்டரிப் பணத்தில் இதே வழியில் இறங்கியது.

இதே பத்தாண்டில் இன்னொரு வழக்கு. மேரிலாந்துப் பல்கலைக்கழகம், தான் நீண்டகாலம் கறுப்பின மாணவர்களை விலக்கி வைத்திருந்ததற்கு ஒரு சிறிய ஈடாக, நன்கு படிக்கிற கறுப்பின மாணவர்களுக்கென 'பானெக்கர்' உதவித்தொகையை வைத்திருந்தது. அதுவும் தகுதி பார்த்துத் தந்ததுதான். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1995-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆக, இனத்தைச் சொல்லித் தந்தால் தகுதிக்குக் கறை. இனத்தையும் வர்க்கத்தையும் சொல்லாமல் அவற்றின் வழியே தந்தால் தகுதி தூய்மையாக இருக்கிறது! 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை அடிபட்டதையும், அதன்பின் நடந்த கிளர்ச்சியையும், முதல் அரசியல் சட்டத் திருத்தத்தையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லாடல் புதிதல்ல. 'தகுதி' என்று யாராவது உரக்கச் சொன்னால், யாருடைய தகுதி, யார் வைத்த தேர்வு என்று திருப்பிக் கேட்பது இங்கே ஒரு அரசியல் பழக்கமாகவே ஆகியிருக்கிறது. விசா கிடைத்ததும் அந்தப் பழக்கத்தை நம்மவர்கள் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

5

'எல்லாம் சரிங்க, என் பிள்ளை படிச்சாகணுமே, என்ன பண்றது?' என்ற கேள்வி நியாயமானது. அமைப்பை விமர்சிப்பதற்காக ஒரு மாணவி தனக்குக் கிடைக்கக்கூடிய பணத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிரதியைச் சரியாக வாசிக்கத் தெரிந்துகொள்வது அவளுக்குத்தான் முதலில் அவசியம்.

ஒன்று: பட்டியல் விலையைப் பார்த்து மிரளவும் வேண்டாம், உதவித்தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். விடுதி, சாப்பாடு, காப்பீடு உட்பட மொத்தச் செலவில் உதவித்தொகையைக் கழித்தால் வருகிற நிகர விலை ஒன்றுதான் உண்மை. 40,000 கொடுத்துவிட்டு 45,000 கேட்கிற கல்லூரியைவிட, எதுவும் கொடுக்காமல் 25,000 கேட்கிற அரசுக் கல்லூரி மலிவு. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2011 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் நிகர விலைக் கணிப்பானை வெளியிட்டாக வேண்டும். (அது பெரும்பாலும் உள்நாட்டு மாணவர்களுக்கானது.)

இரண்டு: 'பொதுத் தரவுத் தொகுப்பு' என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்புகிற படிவத்தில் எச்2ஏ என்றொரு பகுதி உண்டு. நிதித் தேவை இல்லாத எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்தில் உதவித்தொகை தந்தது, சராசரி எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. கடிதத்தின் புகழுரைகள் மறைப்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். முதலாண்டு மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் 'தகுதி'ப் பரிசு வாங்கியிருந்தால் அது பரிசு அல்ல, அந்தக் கடையின் வழக்கமான விலை. அப்போது இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. அவர்களும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்கள்.

மூன்று: நான்கு ஆண்டுக்கும் வருமா, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நின்றுவிடும், கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் தொகையும் ஏறுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். வெளியே ஓர் அறக்கட்டளையில் பரிசு வாங்கினால் கல்லூரி தன் பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுமா என்பதையும். இந்தக் கழிப்பைத் தன் அரசுக் கல்லூரிகளில் கட்டுப்படுத்திய முதல் மாநிலம் மேரிலாந்து, 2017-இல்.

நான்கு: இங்கிருந்து போகிற மாணவருக்கு மத்திய அரசின் பெல் மானியமோ கடனோ கிடையாது. வெளிநாட்டு மாணவரின் பணநிலையைப் பாராமல் சேர்த்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகிற கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவற்றோடு 2022-இல் டார்ட்மத்தும் போடினும் சேர்ந்தன. இவை மிகச் சிலரையே எடுக்கின்றன. மற்றவர்களுக்கு 'மெரிட்' தவிர வேறு கதவு அநேகமாக இல்லை. ஆகவே இதை அவர்கள் தட்டுவதில் தவறில்லை.

இங்கே சங்கப் பாடல்களில் இரண்டை நினைத்துப் பார்க்கலாம். புலவர் எல்லோரையும் ஒன்றுபோல் பார்த்துக் கொடுக்காதே, அவரவர் வரிசை அறிந்து கொடு என்று மலையமானிடம் கபிலர் கேட்கிறார். அதியமான் தன்னைப் பாராமலேயே கொடுத்தனுப்பிய பொருளை, அதை வாங்கினால் நான் வியாபாரி ஆகிவிடுவேன் என்று பெருஞ்சித்திரனார் மறுக்கிறார். ஆளைப் பார்த்து, மதிப்பறிந்து தருவதே பரிசில் என்பது இருவரின் நிலையும். இன்றைய பரிசிலரின் நிலை இதற்கு நேர் எதிர். கல்லூரி ஆளைப் 'பார்ப்பது' என்றால் அப்பாவின் வரிக் கணக்கைப் பார்ப்பது, தெருவின் அஞ்சல் எண்ணைப் பார்ப்பது, எத்தனை முறை வளாகத்தைச் சுற்றிப்பார்க்க வந்தாள் என்று பார்ப்பது. மத்திய நிதியுதவிப் படிவத்தில் மாணவர் எந்தக் கல்லூரியை முதலில் எழுதியிருக்கிறார் என்கிற வரிசையைப் பார்த்து, 'இவள் எப்படியும் நம்மிடம்தான் வருவாள், குறைத்துக் கொடுத்தால் போதும்' என்று சில கல்லூரிகள் கணித்தன. 2016-17 கல்வியாண்டுக்கான படிவத்திலிருந்து கல்வித் துறை அந்தப் பட்டியலைக் கல்லூரிகளுக்குக் காட்டுவதை நிறுத்தியது. வரிசை அறிதல் இந்த அழகில் நடக்கிறபோது, அலபாமா போன்ற பல்கலைக்கழகங்கள் 'இந்தச் சராசரி, இந்தத் தேர்வு எண் இருந்தால் இவ்வளவு' என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு, ஆளைப் பாராமல் கொடுத்தது எவ்வளவோ மேல். அதுவும் வியாபாரம்தான். ஆனால் விலை எழுதித் தொங்கவிட்ட வியாபாரம். சிபாரிசு இல்லாதவர் நம்பிப் போகலாம்.

6

வழிகாட்டிகள் பேசாமல் விடுகிற இடத்துக்கு வருவோம். எந்தக் கல்லூரி தாராளமாகத் தள்ளும் என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள், விலை ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுவதில்லை. இதைத் தவிர வேறு வழி இருந்ததே இல்லை என்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது. இருந்தது. நியூயார்க்கில் 1847-இல் 'இலவச அகாதெமி'யாக நிறுவப்பட்ட கல்லூரி, பின்னர் நகரப் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 1976 வரை இளங்கலை மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே படித்தார்கள். 1969-இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் போராடி, 1970-இல் கதவு அகலத் திறந்தது. ஆறே ஆண்டுகளில், நகரத்தின் நிதி நெருக்கடியைச் சொல்லிக் கட்டணம் வந்தது. நிதி நெருக்கடி பொய்யல்ல. ஆனால் யார் உள்ளே வந்த பிறகு கட்டணம் வந்தது என்பதும் பொய்யல்ல.

கென்டக்கியில் பெரியா கல்லூரி இருக்கிறது. அடிமை ஒழிப்பாளர் ஜான் ஃபீ 1855-இல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படித்ததற்காக 1904-இல் மாநிலம் சட்டம் போட்டுப் பிரித்தது. 1908-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆதரித்தது. 1950-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. 1892 முதல் இங்கே கல்விக் கட்டணம் கிடையாது. வசதியற்றவர்களைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். எல்லோரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்ய வேண்டும். இதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அதன் மூலநிதியும் பங்குச் சந்தையில்தான் இருக்கிறது. ஆனாலும் 'உபகாரச் சம்பளம்' என்கிற நம் பழைய சொல்லுக்கு ஒரு பொருள் அங்கே மிச்சமிருக்கிறது. உபகாரம் எல்லோருக்கும், சம்பளம் வேலைக்கு. தள்ளுபடிக்குத் தகுதி என்று பெயர் வைக்க வேண்டிய அவசியம் அந்தக் கல்லூரிக்கு ஏற்படவில்லை.

'மெரிட்டோகிரசி' என்கிற சொல்லை மைக்கேல் யங் 1958-இல் தன் நூலில் கிண்டலாகத்தான் பயன்படுத்தினார். தகுதியின் பேரால் ஆளுகிற ஒரு வர்க்கம், தோற்றவர்களைத் தங்கள் தோல்விக்குத் தாங்களே காரணம் என்று நம்ப வைத்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. சொல்லை எடுத்துக்கொண்ட உலகம் கிண்டலை விட்டுவிட்டது. உதவித்தொகைக் கடிதம் வராத வீட்டில் இன்று நடப்பது அதுதான். கல்லூரியின் வரவு செலவுக் கணக்கில் தான் பொருந்தவில்லை என்பதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை, தனக்கு அறிவு போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. கடிதம் வந்த வீட்டிலோ கிடைத்த தள்ளுபடி பிறவிப் பெருமையாகிவிடுகிறது. பின்னால் அந்தப் பிள்ளை இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசும்போது அந்தக் கடிதத்தைத்தான் மனசில் வைத்துக்கொண்டு பேசும். கிடைக்கிற பணத்தை வாங்குங்கள், இன்னும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பிள்ளையிடம் மட்டும் அதன் சரியான பெயரைச் சொல்லுங்கள்: 'இது உன் மதிப்பு இல்லம்மா, அவங்க போட்ட விலை.'